காலையில் வாங்கிய பைக்

பைக் விற்கிறவர் என்னைக் காலை ஏழு மணிக்கே வரச் சொன்னார். பிந்தினால் வேறொருவர் வந்து எடுத்துவிடுவாராம். நான் நம்பினேன். வெளிநாட்டிலிருந்து வாகனங்கள் வருவதை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. துருப்பிடித்த பைக்குக்கும் நாலு பேர் போட்டி போட்டார்கள். வெள்ளவத்தையில் முதல் பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, ஹெந்தளையில் அவர் சொன்ன தேவாலயத்தடியில் இறங்கியபோது ஏழாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் நின்றார். பைக்கும் அவரைப்போலவே கழுவித் துடைத்து நின்றது. ஒரே உதையில் எஞ்சின் பிடித்தது. தேவாலயம் வரை அதில் ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. சட்டகத்தில் வெட்டியிருந்த இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். எஞ்சினின் அடிப்பக்கம் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து அப்பிக் கிடந்தது. "கொஞ்சம் ஆயில் கசியும் தம்பி. பழசுன்னா அப்படித்தானே" என்றார். ஓமென்றேன்.

பைக் அவருடைய பெயரில் இல்லை. முதற் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டு, வாங்குகிறவரின் பெயரை எழுதாமல் விட்ட படிவம் ஒன்று கைமாறிக் கைமாறி வந்திருந்தது. ஓப்பன் பேப்பர் என்பார்கள். கொழும்பில் பாதிப் பைக்குகள் அப்படித்தான் ஓடுகின்றன என்று அவர் சொன்னதையும் நம்பினேன்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். காலையில் வெள்ளவத்தையில் ஒரு வகுப்பு, பின்னேரம் கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்பு. இரண்டுக்கும் நடுவே காலி வீதி கிடக்கிறது. பஸ்ஸில் நின்று வியர்த்து, புறக்கோட்டையில் இறங்கி நடந்து, வகுப்புக்குப் போய்ச் சேரும்போது பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். சிலர் வேறு வகுப்புக்கு மாறிவிட்டார்கள். அதனால்தான் பைக் எடுத்தேன்.

அன்றைக்கே, வீட்டுக்கு வரும் வழியில், களனிப் பாலத்தைத் தாண்டியதும் எஞ்சின் நின்றது. இருமவுமில்லை, முனகவுமில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி நின்றது. எத்தனை தரம் உதைத்தும் பிடிக்கவில்லை. ஓரமாகத் தள்ளி வைத்து, பெற்றோல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அரை மணித்தியாலம் கழித்து, வேறு வழியில்லாமல் மறுபடி உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது.

அதன் பிறகு அதுதான் வழக்கமாயிற்று. வெள்ளவத்தையில் நல்லாக வெளிக்கிடும். பம்பலப்பிட்டி தாண்டும். கொள்ளுப்பிட்டியிலோ காலிமுகத்திடலிலோ, சூடேறியதும் நின்றுவிடும். எனக்கு வேண்டிய இடத்தில் அது நிற்காது, அது நின்ற இடத்தில் நான் நிற்க வேண்டும். விட்டுவிட்டுப் போகவும் ஏலாது, தள்ளிக்கொண்டு போகவும் ஏலாது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, நகைக்கடை வாசல்களிலும் வங்கிப் படிகளிலும் நின்று, கொட்டாஞ்சேனையில் பிள்ளைகள் மணியைப் பார்ப்பதை நினைத்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறவர்களுக்கு நடுவே முக்கால் மணித்தியாலம் நின்றேன். அவ்வளவு பெரிய வெளி. எனக்கோ அந்த இரண்டு சில்லுகளுக்குப் பக்கத்தில் ஒரு முழ இடம்தான்.

"பஸ்ஸிலை போனாக் கூட இதை விட வேளைக்குப் போயிருப்பீங்கள்" என்றாள் மனைவி. அவள் சொன்னது உண்மை. அதனாலேயே கோபம் வந்தது.

பாமன்கடையில் ஒரு கராஜ். அதை வைத்திருந்தவர் என்னைவிட மூத்த முஸ்லிம் மனிதர். எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். முதலில் பிளக்கை மாற்றினார். அடுத்த முறை காபரேட்டரைக் கழற்றி ஊதித் துடைத்தார். அதற்கும் அடுத்த முறை கொயில் மாற்றினார். ஒவ்வொரு முறையும் கராஜ் வாசலில் எஞ்சின் அருமையாக ஓடும். ஒவ்வொரு முறையும் கொள்ளுப்பிட்டியில் நிற்கும்.

நான்காவது முறை அவர் ஸ்பானர்களைத் தொடவில்லை. "சேர், நீங்க ஓடிட்டு வாங்க. நிக்கிற வரைக்கும் ஓடுங்க. நின்டா எனக்கு கோல் எடுங்க" என்றார்.

கிருலப்பனைப் பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஓடினேன். சந்தையடியில் நின்றது. போனில் கூப்பிட்டேன். அவர் ஆட்டோவில் வந்து இறங்கி, பெற்றோலையோ பிளக்கையோ பார்க்காமல், உதைக்கும் கட்டையைக் கையாலேயே அமுக்கினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது.

"பாத்தீங்களா? குளிரா ஈக்கச்செல்ல இது இறுக்கமா ஈக்கும். இப்ப காத்துப் பிடிக்கிதில்ல. சூடாகினா வால்வ் சரியா மூடுதில்ல சேர். எஞ்சினத் தொறக்கத்தான் வேணும்."

மூன்று மாதமாக என்னைத் தெருத்தெருவாக நிறுத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது, அதற்கு ஒரு பெயரும் இருந்தது என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. திறவுங்கோ நானா என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். எஞ்சின் துண்டு துண்டாகப் பழைய பத்திரிகையின்மேல் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவிய பாகங்கள் புதிதுபோல் மினுங்கின. நானா என்னை இருக்கச் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "சேர், புக் கொண்டு வந்தீங்களா?" என்றார். கொடுத்தேன். எஞ்சினின் அடிப்பக்கத்தில், அழுக்குப் போன இடத்தில், வெட்டியிருந்த இலக்கங்களுக்கு நேரே புத்தகத்தைப் பிடித்தார். நான் படிப்பிக்கிறதே இலக்கங்களைத்தான். ஆனாலும் மூன்று முறை வாசித்தேன். முதல் இலக்கத்திலிருந்தே வேறு.

"இது இந்த பைக்குட எஞ்சின் இல்ல" என்றார் நானா மெதுவாக. "எங்கேயோ ஒன்ட கொண்டு வந்து போட்டிருக்காங்க. களவா, நல்லதான்னு எனக்குச் சொல்லேலாது."

"இப்ப என்ன செய்யிறது?"

"ஓடலாம். உங்கட பேருக்கு மாத்தேலாது. பொலிஸ் குனிஞ்சு பாத்தாத்தான் பிரச்சினை."

வால்வைச் சரி செய்து பூட்டித் தந்தார். அன்றைக்குக் கொட்டாஞ்சேனை வரை ஓரிடமும் நிற்காமல் ஓடியது. அந்த ஓட்டத்தை என்னால் அனுபவிக்க முடியவில்லை. என் வயதுத் தமிழன் ஒருவனுக்குக் கொழும்பில் காகிதம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, வீட்டுக்காரர் கடிதம் எல்லாவற்றையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்து வளர்ந்தவன் நான். அந்த யுத்த நாட்களில் என்னிடமிருந்த காகிதங்கள் எல்லாம் சரி, பயம் மட்டும்தான் மிச்சம். இப்போது பயமும் இருந்தது, காகிதமும் பிழை.

அடுத்த கிழமை புறக்கோட்டைக்கு முன்னால் மறித்தார்கள். "லைசன் எக்க பென்னன்ன" என்று சிங்களத்தில் லைசன்ஸ் கேட்டார் இளம் பொலிஸ்காரர். காட்டினேன். இன்சூரன்ஸ் கேட்டார், அதையும் காட்டினேன். அவர் பைக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அவருடைய சப்பாத்து எஞ்சின் பக்கத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு "ஹரி, யன்ன" என்று கையசைத்தார். போகச் சொன்ன பிறகும் எனக்குக் கியர் போட வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெந்தளைக்குப் போனேன். வழி முழுக்க வசனங்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் அதே வாசலில், இந்த முறை சாரத்தோடு, ஒரு தகரக் கோப்பையில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்தார். நான் ஏன் வந்தேன் என்று அவர் கேட்கவில்லை.

"அண்ணை, எஞ்சின் வேறையாம். தெரிஞ்சுதான் தந்தனீங்களோ?"

"எஞ்சின் மாத்துனது தெரியாது தம்பி. சத்தியமா." கோப்பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "சூடானா நிக்கும்னு தெரியும்."

"அப்ப எஞ்சின் குளிரா இருக்கேக்கை காட்டத்தானோ என்னை ஏழு மணிக்கு வரச் சொன்னனீங்கள்?"

அவர் படியில் உட்கார்ந்தார். "நானும் காலையிலதான் வாங்குனேன்" என்றார். "எனக்கு வித்தவன் ஆறரைக்கு வரச் சொன்னான். ஒரு வருஷம் தள்ளிக்கிட்டுத் திரிஞ்சேன். நெஞ்சு வருத்தக்காரன் நான். வேற வழி தெரியல."

திருப்பி எடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்த மனிதர் பிழையான புத்தகத்தோடு பாலத்தடியில் பொலிஸ் முன் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தார். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு புத்தகத்திலிருந்த முதற் சொந்தக்காரரைத் தேடினேன். எஞ்சின் மாற்றத்தைப் பதிவதென்றால் அவர் வர வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். முகவரி கொட்டாஞ்சேனையிலேயே, என் வகுப்பிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. அங்கே இப்போது ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது. முன்னால் பழக்கடை வைத்திருந்தவருக்கு மட்டும் அவரை நினைவிருந்தது. குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார் என்றும், அங்கே செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன் என்றும் சொன்னார்.

மிச்சமிருந்தது ஒரேயொரு வழி. எனக்கு வந்த மாதிரியே அதை இன்னொருவருக்கு அனுப்புவது. விளம்பரம் போட்ட அன்றே ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கிருலப்பனையில் அறையெடுத்திருந்தாள், தனியார் மருத்துவமனையில் தாதி. ஊர் வவுனியாப் பக்கம், பதினாறு வயதிலிருந்தே பைக் ஓடுகிறவள். அதிகாலை வேலைமுறைக்குப் போக பஸ் இல்லை, ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றாள். பைக்கை எடுத்து ஒரு சுற்று ஓடி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"நல்ல பைக் அண்ணா. எஞ்சின் சத்தமே சொல்லுது."

அவள் குனிந்து பார்க்கவில்லை. நானே வேண்டுமென்று அழுக்கைத் திரும்பப் பூசியிருக்கவில்லை, ஆனால் மாதக்கணக்கில் அதுவாகவே படிந்திருந்தது. படிவம் என் சட்டைப் பையில் இருந்தது. பெயரெழுத வேண்டிய இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அதிகாலையில், தனியாக, ஏதோ ஒரு சந்தியில் பொலிஸ் அவளை மறிப்பதை நான் நினைக்காமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

"தங்கச்சி, இதிலை ஒரு பிழை இருக்கு" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபப்படுவாள் அல்லது நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏன் அண்ணா சொன்னீங்கள்? சொல்லாட்டி எடுத்திருப்பன். எனக்கு நாளைக்கே தேவை. இனித் தெரிஞ்சுகொண்டு எப்பிடி எடுக்கிறது?"

சாவியை இருக்கையில் வைத்துவிட்டு நடந்து போனாள். நல்லது செய்துவிட்டோம் என்ற நினைப்பு ஒரு துளிகூட எனக்கு வரவில்லை. ஒருத்திக்கு உதவாமலும் விட்டேன், நானும் தப்பவில்லை.

இப்போது இறக்குமதி திறந்துவிட்டது. புதுப் பைக்குகள் காலி வீதியில் மினுங்கிக்கொண்டு போகின்றன. வால்வ் சரி செய்த நாளிலிருந்து என்னுடையது ஒருமுறைகூட நிற்கவில்லை. நானாவின் கை அப்படி. நின்றாலாவது விட்டெறியலாம் என்று சில நாட்களில் தோன்றுகிறது.

போன கிழமை மனைவி சொன்னாள்: "ஆருக்காவது சும்மா குடுத்துவிடுங்கோவன்."

"சும்மா குடுக்கிறதெண்டாலும் ஆரின்ரை எண்டு சொல்லிக் குடுக்கிறது?"

"அப்ப உடைச்சு இரும்புக்குப் போடுங்கோ."

"அதுக்கும் புத்தகத்திலை இருக்கிற ஆள் வரவேணுமாம். விசாரிச்சுப் பாத்தனான்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. படியிறங்கிப் போய், தூணுக்கும் அயல்வீட்டுக் காருக்கும் நடுவே செருகி வைத்திருந்த பைக்கைப் பின்பக்கமாக இழுத்து எடுத்தேன்.