திம்மராயப்பா மஹாலில் மாலை போட்ட முகம்

மத்திகிரியிலிருந்து ஓசூர் போகிற ரோட்டில், டவுன் பஸ் நின்றும் நிற்காமலும் ஆட்களை உதிர்த்துவிட்டுப் போகும் ஒரு வளைவு உண்டு. அங்கேதான் திம்மராயப்பா மஹால். கல்யாண மண்டபம். ஏசி இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, மணமேடைக்குப் பின்னால் நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறுகிற விளக்கும் இருக்கிறது. தண்ணீர் மட்டும்தான் டேங்கரில் வரும். அந்த மண்டபத்தைப் பதினோரு வருடமாகக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவள் கெம்பம்மா.

வயது நாற்பத்தேழு. புருஷன் மணி லாரியில் கிளீனராகப் போனவன். பதினைந்து வருடமாகிறது, இன்னும் எந்த ஊரிலோ கிளீன் பண்ணிக்கொண்டேயிருக்கிறான் போலும், திரும்பி வரவில்லை. மகள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் வருகிறாள். இரண்டு பேருக்கும் ஒரு வாடகை வீடு. வீடு என்று நாம்தான் சொல்கிறோம். ஓனர் அதை ரூம் என்பார், மழைக்காலத்தில் அது குளம்.

காலையில் வந்ததும் கெம்பம்மாவுக்கு முதல் வேலை படம் துடைப்பது. நுழைந்தவுடன் எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, தங்க முலாம் பூசிய சட்டத்துக்குள் பெரியவர் திம்மராயப்பா உட்கார்ந்திருப்பார். சிவப்புத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, வரிசையாகப் பித்தளைப் பொத்தான், கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. கீழே ஒரு பித்தளைத் தகடு: 'திம்மராயப்பா, 1932. ஓவியர் ஃப்ரான்சிஸ் துரை, லண்டன்.' படத்தின் ஓரத்தில், பெயிண்ட் நைந்த இடத்தில், ஆங்கிலத்தில் மங்கலாக 'ஃப்ரா' என்று தெரியும். மிச்சப் பெயரைக் குடும்பம் தானே நிரப்பிக்கொண்டது. லண்டனும் அப்படி நிரப்பியதுதான்.

பெரியவரின் இடது கைச் சுண்டு விரலுக்கு நுனி கிடையாது. அஞ்செட்டிக் காட்டில் சிறுத்தையோடு கட்டிப் புரண்டபோது அது கடித்துக்கொண்டு போய்விட்டதாம். மண்டபம் புக் பண்ண வருகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கிறார்களோ இல்லையோ, அந்தச் சிறுத்தையைக் கேட்காமல் போக முடியாது. சொல்கிறவர் ஓனர் ஸ்ரீராம், பெரியவரின் கொள்ளுப்பேரன். நிலம் விற்று மண்டபம் கட்டி, மண்டபத்தைக் காட்டி மேலும் நிலம் விற்கிறவர். தினமும் ஒன்பது மணிக்கு வருவார், ஷூவைக் கழற்றுவார், படத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிடுவார். பிறகு பக்கவாட்டில் திரும்பி நின்று, "மூக்கப் பாருங்க, எங்க வம்சத்து மூக்கு" என்று யாரிடமாவது காட்டுவார். யாரும் இல்லாவிட்டால் கெம்பம்மாவிடம் காட்டுவார். அவளும் பதினோரு வருடமாகப் பார்த்து, ஆமாங்க சார் என்றிருக்கிறாள்.

அந்தத் துண்டு விரலைத் துடைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் அப்பன் ஞாபகம் வரும். அப்பன் ராமப்பனுக்கும் அதே விரலில் அதே நுனி இல்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் அவன் இதே குடும்பத்தின் மாட்டுக் கொட்டாயில் மாடு கட்டியவன். அவன் விரலைத் தின்றது மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுகிற மிஷின். பெரிய மனுஷனைச் சிறுத்தை கடிக்கிறது, கூலிக்காரனை மிஷின் கடிக்கிறது. கடிபடுவதில்கூட அந்தஸ்து வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாற்காலியைத் துடைக்கப் போய்விடுவாள்.

அப்பனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அந்த விரல் ஒன்றுதான். கொட்டாய்க்கு ஓடு மாற்ற ஏறி விழுந்து அவன் செத்தபோது அவளுக்கு மூன்று வயது. போட்டோ கிடையாது. மாடு கட்டுகிறவனை யார் போட்டோ எடுப்பார்கள்? மாட்டையாவது சந்தையில் நாலு பேர் பார்த்திருப்பார்கள். எப்படி இருப்பான் என்று கேட்டால் அம்மா, "மனுசனாட்டம் இருப்பான்" என்பாள், அதோடு சரி. மகாளய அமாவாசைக்கு ஊரில் எல்லோரும் சட்டம் போட்ட படத்துக்குப் பொட்டு வைப்பார்கள். கெம்பம்மா ஒரு பித்தளைச் சொம்புக்கு விபூதி பூசி, அதன் முன்னால் வடை வைப்பாள். மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் போய், எங்கள் தாத்தா ஒரு சொம்பு என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். கெம்பம்மாவும் சிரித்தாள், பிறகு கொல்லைப் பக்கம் போய் அழுதாள். அப்பன் முகத்தை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் எந்தச் சாமியிடமும் எதையும் கேட்டதில்லை. சாமிகளுக்கு வேறு வேலை இருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஸ்ரீராமை ஆசை விட்டுவைக்கவில்லை. பெங்களூர்க்காரர்கள் ஓசூரில் வந்து கல்யாணம் பண்ணுகிற காலம். அவர்களுக்குப் பழமை என்றால் உயிர், அதுவும் புது டைல்ஸ் போட்ட பழமை என்றால் கேட்கவே வேண்டாம். மண்டபத்தின் புது விளம்பரப் புத்தகத்தில் படத்தைப் போட்டு, லண்டன் ஓவியர் வரைந்தது என்று ஒரு நிபுணரின் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பது என்பது இதுதான்.

முகூர்த்தம் இல்லாத ஒரு திங்கட்கிழமைக் காலையில் பெங்களூரிலிருந்து ஜெயப்ரியா வந்தாள். பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிற வேலை அவளுக்கு. கையுறை மாட்டிக்கொண்டு, சட்டத்தைக் கழற்ற வேண்டும், ஒருவர் பிடியுங்கள் என்றாள். பிடிக்கிற வேலை என்றால் கெம்பம்மாதானே. பிடித்தாள்.

சட்டம் கழன்றதும் லண்டனும் கழன்றது. படம் துணியில் இல்லை, பிளைவுட்டில் இருந்தது. சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருந்த ஓரத்தில் அந்த 'ஃப்ரா' முழுசாக வெளியே வந்தது: 'ஃப்ராஜைல்'. உடையும் சாமான், பார்த்து இறக்கு என்று பெட்டி மேல் அடிக்கிற அச்சு. கம்பெனிக்கு மிஷின் வந்து இறங்கிய மரப்பெட்டியின் ஒரு பக்கம் அது. பக்கத்திலேயே வருடமும் போட்டிருந்தது, 1979. நாற்பது வருடத்துக்கு மேலாக ஒரு குடும்பமே பார்சல் பெட்டியின் எச்சரிக்கையைத் துரை என்று கும்பிட்டிருக்கிறது.

ஸ்ரீராம் முகத்தில் ஈயாடவில்லை. ஜெயப்ரியா பலகையைத் திருப்பினாள். பின்பக்கம் நீலப் பெயிண்டில், போர்டு எழுதுகிற அழகான குண்டு எழுத்தில் மூன்று வரி. சத்தமாகப் படித்தாள்.

"ஜான்பீட்டர் ஆர்ட்ஸ், மத்திகிரி. உருவம்: பெரியவர் திம்மராயப்பா. முகம்: செல்லி மகன் ராமப்பன்."

செல்லி என்பது கெம்பம்மாவுடைய அப்பனின் அம்மா. பலகையின் மறுமுனை அவள் கையில் இருந்தது. அவள் அதை விடவில்லை. உடையும் சாமான் என்று எழுதியிருந்ததே.

ஜான்பீட்டர் உயிரோடுதான் இருந்தார். எழுபத்தெட்டு வயது, நாலு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். ஆள் அனுப்பியதும் இஸ்திரி போட்ட சட்டையில் ஆட்டோவில் வந்து இறங்கினார். தன் படத்தை யாரோ நிபுணர் பார்க்க வந்திருக்கிறார் என்ற சந்தோஷம் அவருக்கு. நடந்ததை ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, பாவம். பாராட்டுவதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

அந்தக் காலத்தில் போட்டோ இல்லாமல் செத்தவர்கள்தான் அதிகம் என்றார். வீட்டுக்காரர்கள் வந்து எங்கள் அப்பாவை வரைந்து கொடு என்பார்கள். பார்க்காத ஆளை எப்படி வரைவது? செத்தவருடைய சாயல் ஊரில் யாருக்கு இருக்கிறது என்று கேட்பார், அந்த ஆளைக் கூட்டி வந்து உட்காரவைத்து வரைவார். இரண்டாவது பிரதி கேட்டால் திரும்ப யாரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று தெரிவதற்காகப் பின்னால் பெயர் எழுதிவைப்பது வழக்கம். ஒரு கிராமத்துக் கோயில் அந்தோணியாருக்கு டீ மாஸ்டர் ஒருவரை உட்காரவைத்தாராம்; டீ மாஸ்டர் அன்றோடு பீடியை விட்டுவிட்டார். இந்தப் படத்தில் இருக்கிற கோட்டு பேண்டு செட் வாத்தியாருடையது. வெள்ளிப் பூண் தடி, அசலில் மாடு ஓட்டுகிற தார்க்குச்சி.

"விரல மட்டும் மாத்தலீங்க" என்றார் பெருமையாக. "முழுசா போட்டுருன்னு சொன்னாங்க. எனக்குக் கண்ணுல பாக்கறதுதான் கையில வரும்."

அஞ்செட்டிச் சிறுத்தை அந்த நிமிடத்தில் செத்தது.

ஸ்ரீராமுக்கு அதற்குள் ஒரு தெம்பு வந்திருந்தது. படம் போனால் போகிறது, பெங்களூரில் வேறு வாங்கிக்கொள்ளலாம். மாட்டுக்காரன் படத்துக்கா இத்தனை வருடம் மாலை போட்டோம் என்று ஜான்பீட்டரை ஒரு பிடி பிடித்தார். கழற்றினது கழற்றினதுதான், குப்பையில் போடு என்று கெம்பம்மாவிடம் சொன்னார்.

கெம்பம்மா பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவரிடம் ஒன்று கேட்டாள். "குப்பையில போடறதுன்னா எனக்குக் குடுத்துருங்க சார். அது எங்கப்பன்."

ஸ்ரீராம், தூக்கிக்கொண்டு போ, சனியன் விட்டது என்று கையை வீசினார். அதோடு முடிந்திருக்கும். கெம்பம்மாவின் வீட்டுச் சுவரில் அப்பன் ஏறியிருப்பான், சொம்பு மறுபடி சொம்பாகியிருக்கும். ஜெயப்ரியாவுக்குத்தான் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. பெரியவருக்குத்தான் மகன்கள் இருந்தார்களே, அவர்களில் ஒருவரை உட்காரவைக்காமல் மாடு கட்டுகிறவரை ஏன் உட்காரவைத்தீர்கள் என்று கேட்டாள்.

"மூணு பசங்களயும் நிக்க வெச்சுப் பாத்தேம்மா" என்றார் ஜான்பீட்டர். "பெரியவரு சம்சாரம் அப்ப இருந்தாங்க. அவங்கதான், இவனுங்கல்லாம் எங்க அப்பன் ஊட்டு ஜாடை, செல்லி மகனக் கூப்புடு, அவருக்கு அச்சு அசல் அவன்தான்னாங்க. வெளிய யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க." கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கே எட்டியது. வாயைப் பொத்திக்கொண்டார். நாற்பத்தைந்து வருடம் காத்த ரகசியம், மூடியை மூடாத பெயிண்ட் டப்பா மாதிரி தரையெல்லாம் ஆகிவிட்டது.

செல்லி அந்த வீட்டுக் கொட்டாயில் சாணி அள்ளியவள். அவளுடைய மகனுக்கு ஏன் எஜமானின் முகம் வந்தது என்பதற்கு நிபுணர் சர்டிபிகேட் தேவையில்லை. ஸ்ரீராம் படத்தைப் பார்த்தார். படத்தின் மூக்கைப் பார்த்தார். பிறகு கெம்பம்மாவைப் பார்த்தார். அவளுடைய மூக்கை அவர் பார்த்தது பதினோரு வருடத்தில் அன்றுதான். வம்சத்து மூக்கு என்று ஊருக்கெல்லாம் சொன்னாரே, ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதுவும் தெரியாமல் சொன்னது.

தாத்தா காலத்து நிலம், அதன் இன்றைய விலை, வாரிசு, வக்கீல் எல்லாம் அவர் கண்ணில் ஓடியது நன்றாகத் தெரிந்தது. படத்தைக் கெம்பம்மாவிடம் கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகும். குப்பையில் போட்டால் அவளே எடுத்துக்கொள்வாள். "மாட்டுங்க மேல" என்றார். "அது எங்க கொள்ளுத்தாத்தா. யாரு என்ன சொன்னாலும் எங்க கொள்ளுத்தாத்தா." நல்லது. அதைத்தானே ஜான்பீட்டரும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன்னால் ஜெயப்ரியா, தான் எடுத்திருந்த போட்டோவைக் கெம்பம்மாவுடைய மகளின் போனுக்கு அனுப்பிவைத்தாள். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, தலைப்பாகையையும் கோட்டையும் ஒதுக்கிவிட்டு, முகத்தை மட்டும் அம்மாவும் மகளும் பார்த்தார்கள். நாற்பத்து நாலு வருடம் தேடிய முகம்! அதைத்தான் பதினோரு வருடம் நாற்காலி துடைத்த ஈரத் துணியாலேயே துடைத்திருக்கிறாள். அதை நினைத்துக் கெம்பம்மா, ஐயோ, ஒரு நாளாவது முந்தானையால் துடைத்திருக்கக் கூடாதா என்று அழுதாள். மகள் ஷிப்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஸ்ரீராம் அவளை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியையும் அவள் துடைத்ததுண்டு, உட்கார்ந்ததில்லை. இனிமேல் நீதான் சூப்பர்வைசர், துடைக்க வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம், உனக்கு வேண்டுமானால் படத்தை எந்த சைஸிலும் பிரிண்ட் போட்டுச் சட்டம் போட்டுத் தருகிறேன், ஊரில் மட்டும் பேச்சு வேண்டாம் என்றார். குரலில் என்றுமில்லாத மரியாதை. வாங்க, போங்க என்று வேறு வந்துவிட்டது.

கெம்பம்மா யோசித்தாள். ராத்திரி முழுக்க யோசித்ததுதான்.

"படம் வேணாங்க. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனா எங்கப்பன நானும் எம் பொண்ணும் ரெண்டு பேருதான் கும்புடுவோம். இங்க இருந்தா நீங்கல்லாம் கும்புடறீங்க. இங்கயே இருக்கட்டும். சூப்பர்வைசரும் வேணாம். படத்தத் தொடைக்கறது மட்டும் நான்தான். வேற யாரு கையும் படக் கூடாது."

இவ்வளவுதானா என்று ஸ்ரீராமுக்கு உயிர் வந்தது. உடனே சரி என்றார். யோசித்துச் சரி சொல்லியிருக்கலாம்.

அடுத்த முகூர்த்த நாளில் மண்டபம் நிறைய ஜனம். கெம்பம்மா பெட்டியில் வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முந்தானையால் அப்பன் முகத்தைத் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒன்பது மணிக்கு ஸ்ரீராம் வந்தார். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கும்பிடாமல் போக முடியாது. ஷூவைக் கழற்றிக் கண்ணை மூடிக் கும்பிட்டார். அவர் கும்பிடுவதைப் பார்த்து நாலைந்து பெரிய மனிதர்களும் கும்பிட்டார்கள்.

கெம்பம்மா வலது கையைத் தூக்கினாள். அவருக்கு அத்தை முறை அவள்.

"நல்லா இருப்பா" என்றாள். "எங்கப்பன் பாத்துக்குவாரு."