போனில் தகவல் கிடையாது

எனக்குக் கிடைத்த முதல் வேலையைக் கெடுத்தவர் செயலாளர் மாமா. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். எட்டு மாதம் அலைந்து நான் தேடிப் பிடித்த வேலையை அவர் அரை நிமிடத்தில் ஒரே ஒரு போன் அழைப்பில் முடித்துவைத்தார். அவருடைய மேஜையில் இருந்த அந்தச் சிவப்புப் போன் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன் மேல் ஒரு பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும். மணி அடித்தால் துணியை விலக்கி, ரிசீவரைக் காதில் வைத்து, ஹலோ கூடச் சொல்லாமல் எதிர்முனை பேசட்டும் என்று காத்திருப்பார்.

மாமா எனக்கு உறவு இல்லை. காஞ்சன்பாக் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தோம். அவர் அந்தத் தொழிற்சாலையின் செக்யூரிட்டி பிரிவில் அதிகாரி. குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களின் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். திருநெல்வேலிக்காரர். ஹைதராபாத்துக்கு வந்து அத்தனை வருடம் ஆகியும் பேச்சில் திருநெல்வேலி ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. கேட்டில் நிற்கும் காவலாளியிடம் மட்டும் வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ் என்று ஹைதராபாத் இந்தியில் இரண்டு சொல் கலப்பார். அதையும் திருநெல்வேலி ராகத்தில்தான் சொல்வார்.

என் அப்பா அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தார். என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் அப்பா 'சர்வீஸ்' என்று எழுதித் தருவார். ஊரிலிருந்து பெரியம்மா போன் செய்து அங்கே மழையா என்று கேட்டால், "பரவாயில்லை" என்பார். அந்தக் குவார்ட்டர்ஸில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான். அவர்கள் எல்லோரையும் அப்படி ஆக்கி வைத்திருந்தவர் செயலாளர் மாமா. வருடத்துக்கு ஒரு முறை சமுதாயக் கூடத்தில் குடும்பங்களை உட்கார வைத்து வகுப்பு எடுப்பார். போனில் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், நேரில் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், போட்டோ காட்டிக் கேட்டால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தெரியாது என்று சொல்லுங்கள். நாங்கள் கண்ணாமூச்சி விளையாடும்போதுகூட அதைப் பாட்டாகப் பாடியிருக்கிறோம்.

இப்படிப்பட்ட இடத்திலிருந்து நான் மாஸ் கம்யூனிகேஷன் படிக்கப் போனேன். தடுக்க ஆள் இருந்தது, நான் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸில் என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் இன்ஜினியரிங் படித்து, கல்லூரியிலிருந்தே வேலைக்குப் போனார்கள். நான் மட்டும் பட்டத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எட்டு மாதம் ஏறி இறங்கினேன். ஒரு தெலுங்குச் செய்திச் சேனலில் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசித்தேன். தெலுங்கில் பிழை இல்லை, ஆனால் பாடப்புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். சென்னைச் சேனல் ஒன்று போனிலேயே பேச வைத்துப் பார்த்தது. என் தமிழில் இந்தி நடமாடுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டது. ஒரு விளம்பர நிறுவனம் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வந்து போகச் சொன்னது. வீடியோ எடுக்கிற கம்பெனி ஒன்றில், தொப்பி போட்ட ஒருவர் என் சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்காமல், உன்னைப் பின்தொடர்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். எங்கள் பிளாக் நாய்கள் நான்கு என்றேன். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

அந்த எட்டு மாதத்தில் எனக்கு ஓயாமல் வேலை கொடுத்த ஒரே ஆள் செயலாளர் மாமாதான், அதுவும் ஒரு பைசா இல்லாமல். பிள்ளையார் ஊர்வலமா, பணி ஓய்வு விழாவா, தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்களா, அறிவிப்பு நான். ஓய்வு பெறுகிறவரைப் பாராட்டும் உரையை எழுதுவதும் நான், அதற்கு அவர் கண்கலங்கிச் சொல்லும் பதிலுரையை எழுதுவதும் நான். "கம்யூனிகேஷன் படிச்ச பிள்ளை, சும்மா இருந்தா மறந்துரும்லா" என்பார். அந்த ஓய்வு உரைகளை எழுதுவது லேசான காரியம் இல்லை. முப்பத்தைந்து வருடம் உழைத்தார் என்று எழுதலாம், என்ன உழைத்தார் என்று எழுதக்கூடாது. எழுதியதை மாமா சிவப்பு மையால் அடித்துத் தருவார். ஒரு முறை "இவர் கைபட்ட பொருட்கள்" என்று எழுதிவிட்டேன். பொருட்கள் என்ற சொல்லை அடித்துவிட்டார். பொருள் என்றால் ஏதோ செய்கிறோம் என்று தெரிந்துவிடுமாம்.

கடைசியில் மாதாப்பூரில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. ஊழியர்களுக்கான அறிவிப்புகள், கடிதங்கள், பயிற்சிப் பாடங்கள் எழுதும் வேலை. எழுதச் சொல்லிப் பார்த்த மேலாளர், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ஒரு பக்கம் அழகாக எழுதுகிறாயே, எங்கே கற்றாய் என்று கேட்டார். வேலைக்கான கடிதம் வந்தது. அதில் ஒரு நிபந்தனை. நான் சொன்ன விவரமெல்லாம் உண்மையா என்று ஆள் வைத்து விசாரிப்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது முடியாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். என்னை நன்றாகத் தெரிந்த, உறவினர் அல்லாத ஒருவரின் பெயரும் நம்பரும் வேண்டும்.

அப்பாவும் ஒரு கெடு வைத்திருந்தார். மாதம் முடிவதற்குள் வேலை இல்லையென்றால் தில்சுக்நகரில் வங்கித் தேர்வுப் பயிற்சி. விண்ணப்பம் வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். அதை நிரப்பினால் இரண்டு வருடம் வட்டிக் கணக்குப் போட வேண்டும், படித்த படிப்பு அதோடு முடிந்தது. எனக்கு இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

மாமாவின் பெயரைக் கொடுத்தேன். என் புத்தி. அவரைவிட என்னைத் தெரிந்தவர் யார்? நேரில் போய்ச் சொன்னேன். போன் வரும், என்னைப் பற்றிக் கேட்பார்கள், நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். "ஹவ், ஹவ், கவலைப்படாத" என்றார். நானும் கவலைப்படாமல் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை போன் வந்திருக்கிறது. புதன்கிழமை விலாசத்தைச் சரிபார்க்க ஒருவர் நேரில் வந்திருக்கிறார். அன்று அப்பா என்னைத் தில்சுக்நகருக்கு அனுப்பியிருந்தார், எதற்கும் கேட்டு வைத்துக்கொள் என்று. அதனால் நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. கேட்டில் இருந்த காவலாளிதான் பிறகு சொன்னார். வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் வந்தார், பையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. எங்கள் பிளாக்கின் கதவு எண்ணைப் போனில் படம் எடுத்தார். அவர்கள் வழக்கம் அது. படம் எடுத்தால்தான் விலாசம் உண்மை. எங்கள் குவார்ட்டர்ஸில் படம் எடுத்தால் ஆள் உள்ளே.

காவலாளி, "ஃபோட்டோ கைக்கு லியா?", ஏன் படம் எடுத்தாய் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமாவுக்குத் தகவல் போனது. மாமா வந்து அவரைக் காவல் அறையில் உட்கார வைத்தார். பையில் ஆறு பேரின் பெயரும் விலாசமும் இருந்தன. ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறது என்று மாமா முடிவு செய்துவிட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சோற்றைக் கிளறிப் பார்த்தார். அந்த மனிதரின் அப்பா பெயர், சொந்த ஊர், எத்தனை வருடமாக அந்த விலாசம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். விசாரிக்க வந்தவர் விசாரிக்கப்பட்டார். மூன்று மணி நேரம். பாவம், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். கடைசியாக, இந்தப் பெண்ணை உனக்கு எப்படித் தெரியும் என்று மாமா கேட்க, தெரியாது சார், அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்று அழாத குறையாகச் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரி. நான் குறிப்பிட்ட நபர், அப்படி ஒரு பெண்ணைத் தமக்குத் தெரியாது என்று கூறிவிட்டார். விலாசம் உறுதியாகவில்லை, சென்ற ஊழியர் பிடித்து வைக்கப்பட்டார். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தரவும்.

செருப்புக்கூடப் போடாமல் மாமா வீட்டுக்குப் போனேன். காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"போன் வரும்னு நான்தானே மாமா உங்ககிட்ட வந்து சொன்னேன்?"

"சொன்ன. அதான் ரெடியா இருந்தேன்."

"என்னைத் தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எம்மா, எவளோ ஒருத்தி. முகம் தெரியாது. ஒங்கப்பா பேரு கேக்கா, எந்த டிப்பார்ட்மென்ட்னு கேக்கா, எத்தனை வருசமா இங்க இருக்காங்கன்னு கேக்கா. நான் சொல்லிருவேனா? ஒன்னைக் காப்பாத்தியிருக்கேன் பிள்ள, நீ என்னன்னா சண்டைக்கு வார."

"வேலை போகப் போகுது மாமா."

"வேலை வேற வரும். தகவல் போச்சுன்னா திரும்ப வராது."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அத்தை உள்ளிருந்து வந்து பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா நிதானமாகக் கேட்டுவிட்டு, கடிதம் வேண்டுமானால் தருகிறேன் என்றார். நான் விண்ணப்பம் எழுத வேண்டும், அப்பா வழியாக வர வேண்டும், இரண்டு பிரதி வேண்டும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா நெடுநேரம் யோசித்து, "அவர் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே" என்றார். நான் சாப்பிடாமல் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனிக்கு நானே போனேன். என் பெயரைச் சொன்னதும் வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நேற்று சஃபாரி சூட் போட்ட ஒரு அங்கிள் வந்தார் என்றாள். உள்ளே போக வேண்டுமானால் பெயர், போன் நம்பர் கொடுத்து, கேமராவைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் பெயர் சொல்ல மறுத்துவிட்டார். கேமரா முன் கையை வைத்து மறைத்துக்கொண்டார். யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் மூன்று முறை எழுந்து வந்து, எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியும், நல்ல பெண் என்று மட்டும் சொன்னார். எந்தப் பெண் என்று கேட்டால், அதைச் சொல்ல முடியாது என்றாராம்.

வரவேற்பில் இருந்தவள் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரிக்க வேண்டியவள். அன்று சிரிப்பு வரவில்லை. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறார். போனவர் என் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், மூன்று எழுத்து. மேலாளர் இறங்கி வந்து வருத்தம் தெரிவித்தார். எங்கள் விலாசத்துக்கு மறுபடி போக யாரும் தயாராக இல்லாததால், கெடு முடியும் முன்பே வேலை அடுத்த ஆளுக்குப் போயிருந்தது. மாமாவிடம் போய்க் கேட்டதற்கு, "போயிருந்தேன். அங்க செக்யூரிட்டி சரியில்ல, பின்பக்கம் பைப்பைப் பிடிச்சே மேல போயிரலாம்" என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய தகவல் அவ்வளவுதான்.

அப்பா அலமாரியில் வைத்த அந்த விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் சொல்லவும் மாட்டார். நான்கு மாதம் கழித்து, யாரையும் எதையும் விசாரிக்காத ஒரு சின்ன ஸ்டூடியோவில் பள்ளிப் பாட வீடியோக்களுக்கு எழுதச் சேர்ந்தேன். அங்கிருந்து ஏறி ஏறி, இப்போது ஒரு கம்பெனியின் கம்யூனிகேஷன் பிரிவுக்கு ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறேன். வருகிறவர்களை விசாரிக்கும் தாளில் கையெழுத்துப் போடுகிறவளும் நான்தான். விலாசம் காஞ்சன்பாக் பக்கம் என்றால் ஆள் அனுப்ப மாட்டேன், நானே போய்விட்டு வருவேன்.

ஏழு வருடம் ஆகிவிட்டது. மறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். மாமா ஓய்வு பெற்றார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தார், செயலாளர் பதவியை மட்டும் காலி செய்யவில்லை. போன மாதம் பொங்கல் விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார். போனேன். மாமா என்னை அறிமுகப்படுத்த எழுந்தார்.

"இந்தப் பிள்ளைய எனக்கு இருபத்தாறு வருசமாத் தெரியும்" என்று ஆரம்பித்தார். அதோடு நிறுத்தவில்லை. என் அப்பா பெயர், அப்பா இருந்த டிப்பார்ட்மென்ட், பழைய கதவு எண், இப்போதைய வீடு, பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் எடுத்த மதிப்பெண், என் ரத்த வகை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது வரை வரிசையாகச் சொன்னார். கூடம் நிறைய ஆட்கள். அதுவும் போதாது என்று விழா இணையத்தில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த அப்பா, டிப்பார்ட்மென்ட் பெயர் வந்ததும் குனிந்துகொண்டார். "நேர்மையான பிள்ளை, வேலையில கெட்டிக்காரி, கண்ணை மூடிக்கிட்டு வேலைக்கு எடுக்கலாம்" என்று முடித்தார். கைதட்டினார்கள். அன்று அந்தப் பெண் போனில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில், ஒன்று விடாமல். ஏழு வருடம் தாமதமாக. நான் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். தொழிற்சாலையில் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். நான் தொழிற்சாலை இல்லை, பக்கத்து பிளாக்கில் வளர்ந்த பெண். உலகத்துக்கே இன்று சொல்ல முடிந்ததை, அன்று ஒருத்தியிடம் ஏன் சொல்ல முடியவில்லை? வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கப் பொதுக்குழு. நான் முன்வரிசையில் இருப்பேன். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். போனில் கூப்பிட்டுச் சொன்னால் எடுக்க மாட்டேன்.