படத்தில் விட்டுப்போன பொம்மை

வாட்டர் கலரில் ஊரையும் வீடுகளையும் வரையப் பழகி ஒரு வருடம் ஓடியிருந்தது. ஒன்றுகூட உருப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து எங்காவது போய் உட்காருவேன். சாயங்காலம் சேறாகிப்போன காகிதத்தோடு திரும்புவேன். "அங்க மழையாம்மா?" என்று மகள் கேட்பாள்.

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அன்று மட்டும் எல்லாம் கூடி வந்தது. கண்மாய்க் கரை, அதற்கு அப்பால் நாலைந்து ஓட்டு வீடுகள், நடுவில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாடி வீடு. வானம் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. மாடி வீட்டுக்கு முதல் பூச்சு வெள்ளை அடித்திருந்தார்கள். அந்த வெள்ளைக்காகக் காகிதத்தைத் தொடாமல் அப்படியே விட்டேன். சன்ஷேடுக்கு அடியில் நிழலை வைத்ததும் சுவரில் வெயில் தானாக வந்துவிட்டது. எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. இதைக் கெடுக்காமல் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

அந்த வீட்டுக்காரப் பெண் கொத்தனாருக்கு வாங்கிய டீயோடு வந்து பின்னால் நின்றாள். நாற்பது வயதிருக்கும்.

"எங்க வீடுதானுங்களா? நல்லாருக்குங்க" என்றாள். பிறகு முகம் மாறியது. "பொம்மையக் காணுமே."

மாடி சன்ஷேடுக்கு அடியில் திருஷ்டி பொம்மை தொங்கிக்கொண்டுதான் இருந்தது: வைக்கோல் திணித்த பேண்ட் சட்டை, பானைத் தலை, முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு. அது அழகைக் கெடுக்கிறதென்று நான்தான் விட்டிருந்தேன். அதைச் சொன்னேன், கொஞ்சம் வெடுக்கென்றே.

"அழகாத் தெரியக் கூடாதுன்னுதானுங்க அதக் கட்டுனதே. ஆறு வருசமாக் கொஞ்சங் கொஞ்சமா எழுப்புறோம். குடி போற வரைக்கும், போட்டோ எடுத்தாக்கூட அது இருக்கணுங்க."

வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் என் ஒரு வருடமும் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. வாட்டர் கலரில் தப்பாக வைத்ததை அழிக்க முடியாது. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்ப்பதுபோல வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரிகையை எடுத்துவிட்டேன்.

எடுத்த அவசரத்தில், நிழலின் ஈரம் இன்னும் காயவில்லை என்பதை மறந்துபோனேன். பொம்மையின் மீசையை வைத்ததுதான் தாமதம், கறுப்பு இரண்டு பக்கமும் படர்ந்து சன்ஷேடு நீளத்துக்கு ஓடியது. ஒற்றியெடுக்கத் துணியைத் தேடினேன். அவளோ குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"நெசத்தவிட இதுதாங்க நல்லா மொறைக்குது."

எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. காயும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நாக்கைச் சிவப்பாக நீட்டி வைத்தேன். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், அது வந்த பிறகு படத்தை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை.

கிளம்பும்போது, "செத்த நில்லுங்க" என்றாள். என் வலது கையை இரண்டு உள்ளங்கைகளாலும் தடவி, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை அழுத்தி நெட்டி முறித்தாள். படபடவென்று அத்தனையும் முறிந்தன.

"பாருங்க, எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு இந்தக் கையில."

என் கைக்குக் கண்படும் என்று அதுவரை ஒருவரும் நினைத்ததில்லை. பஸ் வரும்வரை அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டே நின்றேன்.