ரிக் வண்டிக் காவல்

எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் ரிக் வண்டியில்தான் வேலை பார்த்தார்கள். துளைபோடும் அந்த லாரியோடு வடநாட்டில் ஊர் ஊராகப் போய், ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுவார்கள். யாருடைய அப்பா போட்ட போரில் தண்ணீர் அதிக உயரம் பீய்ச்சியது என்று தினமும் எங்களுக்குள் சண்டை. வாய்ச்சவடாலில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் சாட்சி வேண்டுமே!

அந்த முறை லீவில் வந்த அப்பாவிடம் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. போர் போட்ட இடங்களைப் படம் பிடிக்க முதலாளி கொடுத்தது. மறுநாளே திருச்செங்கோட்டில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தீப்பெட்டி அகலத் திரையில் அப்பா எனக்கு ஒரே ஒரு வீடியோ காட்டினார். தண்ணீர்! அதைப் பெரிதாகப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். புதுச்சத்திரத்தில் சித்தி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம்.

சித்தி ஒயரைச் செருகினாள்.

"தண்ணி வீடியோவ மட்டும் ஏத்து, போதும்," என்றார் அப்பா.

"ஒண்ணொண்ணாப் பொறுக்கிட்டிருக்க முடியாதுங்க மாமா. எல்லாமே வரட்டும்."

திரையில் ஒரு மஞ்சள் உறையிலிருந்து இன்னொரு மஞ்சள் உறைக்குக் காகிதங்கள் பறந்து பறந்து போயின. அடேயப்பா! அந்த மெல்லிய ஒயர் வழியாக வடநாடே புதுச்சத்திரத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒயரை மிதித்துவிட்டால் தண்ணீர் நின்றுபோகுமோ என்று பயந்து, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரே புழுதி, காதைப் பிளக்கும் இரைச்சல். பிறகு பனைமர உயரத்துக்குத் தண்ணீர் எழுந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து மளிகைக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த படம் தானாக வந்தது. கூட வேலை செய்தவர் விளையாட்டாக எடுத்தது போலிருக்கிறது. உடம்பெல்லாம் கல்மாவு படிந்து, கண் மட்டும் தெரிய அப்பா நின்றார். திருநீறு பூசிய சாமி மாதிரியே இருந்தார். அதற்கடுத்த படத்தில் ரிக் வண்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே, சாக்கு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்குச் செருப்பு.

"ஏனுங்க, ரூமு இருக்குது, கட்டில் இருக்குது, ஃபேன் ஓடுதுன்னு போன்ல சொன்னீங்களே?" என்றாள் அம்மா.

"அது அன்னிக்கு ஒருநாள். வண்டிக் காவலுக்குப் படுத்தேன்."

சித்தி அடுத்ததை அமுக்கினாள். வேறு ஊர், அதே சாக்கு. அதற்கடுத்தது மழையில் ஒரு ஊர். அங்கேயும் வண்டிக்கு அடியில் அதே சாக்கு.

"இதும் காவலுங்களா?"

"சும்மா இரு. புள்ள இருக்குதல்லோ."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கோ பெருமை பிடிபடவில்லை. அவ்வளவு பெரிய வண்டியை எந்த ஊருக்குப் போனாலும் எங்கள் அப்பாவை நம்பித்தானே ஒப்படைத்திருக்கிறார்கள்! அம்மாவும் அதற்காகத்தான் ஆனந்தக்கண்ணீர் விடுகிறாள் என்று நினைத்தேன். தண்ணீரின் உயரமெல்லாம் அதற்கப்புறம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

லீவு முடிந்து அப்பா புறப்பட்ட அன்று, கல்யாணச் சீராக வந்த ஜமக்காளத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மா அவர் பையில் திணித்தாள். விரிக்காமலே வைத்திருந்த ஜமக்காளம் அது.

"கட்டில் இருக்கற ரூமுக்கு இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

அம்மா பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். அப்பாதான் சிரித்துக்கொண்டே, "வண்டிக்குக் குளுருமல்லோ சாமி, போத்தி உடோணும்," என்றார்.

அதையும் நம்பினேன். மறுநாள் வகுப்பில் போய்ச் சொல்லவும் செய்தேன்.