நான் எனக்கே எழுதிய கரார்

1. கண்டிஷன் ஒன்பது

பாறசாலைப் பக்கம் இருபத்தாறு வருடம் ஆதாரம் எழுதியவன் நான். வீடு விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் பத்திரம் எழுத என் மேசைக்குத்தான் வருவார்கள். என் எழுத்தில் ஓட்டை இருக்காது என்று நானே சொல்லித் திரிவேன். அதனாலேயே அதற்குள் நான் மாட்டியபோது தப்பிக்க வழி இல்லை.

மனைவி ஸ்டெல்லாவுக்கு நுரையீரலில் நீர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள். தூசி படக்கூடாது, பத்து நாள் அசைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாடகைக் காலம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. வீட்டுக்காரர் ஞானதாஸைப் போய்ப் பார்த்தேன்.

“பத்து நாளு தாரும் அண்ணாச்சி.”

அவர் வாடகைக் கராரை எடுத்து வந்து ஒன்பதாவது கண்டிஷனை உரக்க வாசித்தார். நோய், மரணம் முதலான எந்தக் காரணம் சொல்லியும் தவணை கேட்பதில்லை.

“இது ஆரு எழுதினது வோய்?”

“நான்தான்.”

“நான் கேட்டனா? ரெண்டு வரி போதும்ணேன். நீருதான், எனக்கே எழுதினாலும் கையி தளராதுண்ணு கெத்து காட்டினீரு. மொவனுக்கு கல்யாணம் உண்டு. காலம் முடிஞ்ச மறுநாளே பெயிண்டரு வாறான். சாட்சி ஆருண்ணும் பாரும்.”

பார்த்தேன். ஸ்டெல்லா. கையெழுத்து அழகாகவே இருந்தது.

2. சாமான் ஏற்றியது

உதியன்குளங்கரையில் ஒரு வீட்டை ஒரே பகலில் பிடித்தேன். வீட்டை ஒழித்துக் கொடுப்பதாக ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு ஓர் அடுக்களையை ஒழிக்கத் தெரியவில்லை. அரிசியையும் சோப்புத்தூளையும் ஒரே சாக்கில் கட்டினேன். தூசி போகாமலிருக்க அவள் அறை வாசலில் ஈரப் போர்வை தொங்கவிட்டேன். அதையும் யாரோ மூட்டை என்று லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

லோடிங்காரர் மோகனன் என்னைத் தள்ளி நிறுத்தினார்.

“எழுத்துகாரரே, நீங்க அங்கோட்டு மாறுங்க. சேச்சிய முதல்ல கொண்டு போவணும். கட்டிலு பின்ன வரட்டு.”

நாற்காலியோடு தூக்கிக் காரில் ஏற்றினார்கள். வழியெல்லாம் இருமினாள். நான் ஒரு தமாஷ் சொன்னேன்.

“சிரிச்சா இருமலு வரும். சும்மா இரிங்க.”

3. புது வீடு

சாயங்காலம், “இந்த வீட்டுக் கரார ஒண்ணு வாசிங்க” என்றாள். அவள் கண்ணாடி எந்தப் பெட்டியில் என்று எனக்குத் தெரியவில்லை. வாசித்தேன். ஒன்பதில் குரல் நின்றது. அவசரத்தில் கம்ப்யூட்டரில் பழைய கராரைத் திறந்து, பெயரையும் வீட்டு நம்பரையும் மட்டும் மாற்றியிருந்தேன்.

“மேல வாசிங்க.”

வாசித்தேன்.

“அப்போ இங்கயும் எனக்கு சாவப்பிடாது. அப்படியாக்கும்?”

மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என்னிடம் அவள் கை நீட்டினாள்.

“பேனா தாங்க. சாட்சி ஒப்பு எங்க போடணும்?”

அந்த வரியை அங்கேயே அடித்தேன். தூசியை அடிக்க முடியவில்லை. விடிந்ததும் மறுபடி ஆஸ்பத்திரி. இன்றும் அவளால் மூச்சு வாங்காமல் நாலு படி ஏற முடியாது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய கராரைத் திறந்து பெயர் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அந்த வீட்டில் படுத்திருக்கும் ஆள் கேட்கும்படி ஒரு தடவை உரக்க வாசியுங்கள். எந்த இடத்தில் குரல் நிற்கிறதோ, அங்கே அடியுங்கள்.