முட்டத்துக் கருவாடும் கொழும்புக் குடியுரிமையும்

வைகுண்டராஜன் இராஜாக்கமங்கலத்துக்காரர். கொழும்பில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். முட்டத்து யூஜின் நெத்திலியும் சாளையும் உலர்த்தித் தூத்துக்குடியில் கப்பலேற்றுவார். இவர் அங்கே இறக்கி விற்பார். 1947 தேர்தலில் இலங்கையில் வாக்கும் போட்டார்.

அடுத்த ஆண்டு அந்த நாடு சுதந்திரமடைந்தது. இந்திய வம்சாவளியினர் மனுப் போட்டுத்தான் குடிமகனாக வேண்டும் என்று சட்டம் வந்தது. முதலில் வாக்கு போயிற்று. பிறகு, குடிமகன் அல்லாதவருக்கு இறக்குமதி உரிமம் இல்லை என்றார்கள். கடையைக் காப்பாற்ற வைகுண்டராஜன் மனுப் போட்டார்.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: "மனைவி எங்கே?"

"தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போனா சார். பிள்ளைக்கு ஒரு வயசாச்சு." சொல்லும்போது முகமெல்லாம் பூரிப்பு.

அத்தோடு முடிந்தது. மனைவியும் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்காமல், இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது ஊர் வழக்கம். ஏழாம் மாதம் ஊருக்கு வந்த அவர் மனைவி சொர்ணம்மாள், பிள்ளைக்கு மாந்தம் என்று ஒரு வருடத்துக்கு மேல் தங்கிவிட்டாள். மனு தள்ளுபடியானது.

நடுவில் ஒரு நம்பிக்கை. புதுச் சட்டம் செல்லாது என்று வாக்காளர் பட்டியலைத் திருத்தும் அதிகாரி ஒருவர் சொன்னபோது கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. லண்டனுக்குப் போன அப்பீலும் தோற்றது.

"இனிக் கோட்டுக்குப் போய் என்ன செய்யிறது? சட்டமே அப்பிடித்தானே எழுதிக் கிடக்கு" என்றார் யாழ்ப்பாணத்து வக்கீல்.

வைகுண்டராஜன் கடையை மூடிவிட்டு முட்டத்துக்கு வந்தார். யூஜினின் களத்தில் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன.

"என்னவே, சரக்க எப்ப ஏத்த?"

"ஏத்தாண்டாம் யூஜின். உரிமம் வேற ஆளுக்குப் போச்சு. அவன் மாலத்தீவுல வாங்குகான்."

"கேக்கதுக்கு அங்க ஒரு ஜட்ஜியும் இல்லியா?"

"ஜட்ஜி உண்டும். அவரு கைய சட்டம் கெட்டிப் போட்டிருக்கு."

"அப்ப நம்ம ஊரு எலெக்சன்ல நின்னு மந்திரி ஆயிரும். கருவாட்டு மந்திரி!"

"எனக்கு இங்கயும் வோட்டு இல்லவே. பேரு எழுத வந்தப்ப நான் கொழும்புல."

யூஜின் சிரிப்பை நிறுத்தினார்.

வீட்டில் சொர்ணம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "நான் பெத்ததா குத்தம்?"

அவர் பிள்ளையைப் பார்த்தார்.

மழைக்கு முன்பே மூட்டைகள் புழுத்தன. வடசேரிச் சந்தையில் அரை விலைக்கும் ஆளில்லை. யூஜின் அவற்றைத் தென்னைக்கு எருவாக விற்றுத் தள்ளினார். வாங்கியவர் சொர்ணம்மாளின் அப்பா. கொழும்பு மருமகன்தான் தென்னைமூட்டில் குழி வெட்டினார், மற்ற ஆட்களோடு ஆளாக, கூலிக்கு.