முதல் பந்தி

என் பெரியப்பா பாதி ஆயுளைப் பட்டாளத்திலும் மீதியை ஆலங்குடியில் ஒரு பேங்க் வாசலிலும் நின்றே கழித்தவர். ரிட்டயர் ஆனதும் உட்காருவார் என்று பார்த்தால், வம்சத்தைத் தேடக் கிளம்பிவிட்டார். அவருடைய தாத்தா பிழைப்புக்காக எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கண்ணில் பட்ட கிழவரையெல்லாம் பிடித்து விசாரித்தார். பைக் ஓட்ட நான். பத்தாவதில் கோட்டை விட்டவனுக்கு வேறென்ன வேலை?

"ஏம் பெரியப்பா, பார்டரையே காத்த ஒங்களால பாட்டன் ஊரக் கண்டுபிடிக்க முடியலையே?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

கடைசியில் குன்றாண்டார்கோவில் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் எங்கள் குலசாமி அகப்பட்டது. பங்காளிகளும் அகப்பட்டார்கள். கிடா வெட்டுக்கு வரச் சொன்னார்கள். பெரியப்பா மெடல்களைக் குத்திக்கொண்டு வந்தார்.

"சாமி சல்யூட் அடிக்கப் போவுது" என்றேன். சிரித்தார். அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளிகளுக்குத்தான் முதல் பந்தி. பங்காளிகள் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவார்கள். பெரியப்பாவுக்குத் தெரியாதா? எலை போட்டதுமே சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழம்பு வாளியைத் தூக்கினார். வயதான பங்காளி ஒருவர் வந்து அவர் கையிலிருந்த வாளியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நீங்க ஒக்காருங்க சார்."

"நானும் பங்காளிதானய்யா."

"ஒங்க தாத்தா எங்க ஆளுதான், இல்லங்கல. இங்கிட்டு எத்தன சாவு விழுந்துச்சு, ஒரு தீட்டுக் காத்திருப்பீங்களா? ஒரு மொட்ட போட்டிருப்பீங்களா?"

"நான் லடாக்குல பனிக்குள்ள நின்னேன்யா. இங்க செத்தது எனக்கு எப்புடித் தெரியும்?"

"நாட்டுக்கு நின்னீங்க, அதுக்குத்தான் மரியாத பண்றோம்."

பொன்னாடை போர்த்தினார்கள். முதல் பந்தியில், முதல் எலையில் உட்கார வைத்தார்கள். மெடலுக்குப் பக்கத்தில் ஜரிகை மின்னியது. எனக்கு ஆயிரம் கிண்டல் வரும். அன்றைக்கு அவர் பக்கத்து எலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். கறியை நிறைய வைத்தார்கள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினேன். கடைக்காரர் பொன்னாடையைப் பார்த்தார்.

"சாமி கும்புட்டு வாரீங்களா? பங்காளிகளா?"

பெரியப்பா பொன்னாடையை மடித்து பைக் சீட்டைத் துடைத்தார்.

"இல்ல தம்பி. விருந்துக்கு வந்தோம்."